உங்களுக்குள் என்ற சொல்

ஜூலை 3, 2018. செவ்வாய்

மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. பத்து மணிக்கு வருகிறேன் என்ற மெக்கானிக் வரவில்லை. லீலாவதிதான் வந்தாள்.

லீலாவதி எங்கள் கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். கையில் நோட்டீஸ், முகத்தில் சிரிப்பு. இரண்டும் சேர்ந்து வந்தால் நமக்கு வேலை வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். இருபத்திரண்டாம் தேதி பெண்கள் பண்டிகை ஞாயிறு. அன்றைய பிரசங்கத்தை நான் செய்ய வேண்டுமாம்.

“தலைப்பு ‘தேவனுடைய ராஜ்யம்’, டீச்சர். பதினஞ்சு நிமிஷம் போதும். போன வருஷம் பேசுனவ முக்கா மணி நேரம் இழுத்துட்டாவ. ஆம்பளையெல்லாம் வாட்சைப் பாக்க ஆரம்பிச்சிட்டாவ.”

“எனக்குக் கணக்குதான் தெரியும் லீலா. ராஜ்யத்தைப் பத்தி என்னத்தத் தெரியும்?”

“உபதேசியார் மக இப்படிச் சொல்லலாமா?”

அப்பா பெயரை இழுத்தால் இந்த எப்சிபாய் மடங்கிவிடுவாள் என்று பாளையங்கோட்டைக்கே தெரியும். சரி என்றேன். முப்பத்து நான்கு வருஷம் பாடக்குறிப்பு எழுதிய கை. ஓய்வு பெற்றபின் அதற்கு இந்த நாட்குறிப்புதான் தீனி. இனி மூன்று வாரத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஜூலை 5, வியாழன்

எதையும் வரையறையில் ஆரம்பிப்பது என் வழக்கம். ராஜ்யம் என்றால் ஒரு நிலம் வேண்டும், எல்லை வேண்டும், ராஜா வேண்டும், குடிகள் வேண்டும். இதில் ராஜா யார் என்று தெரியும். மற்ற மூன்றும் எங்கே?

நான்கு சுவிசேஷங்களையும் பென்சிலும் கையுமாக வாசித்தேன். கடுகு விதை என்கிறார். புளித்த மாவு என்கிறார். வலை, முத்து, கலியாண விருந்து என்கிறார். ‘ராஜ்யம் என்பது யாதெனில்’ என்று ஒரு இடத்தில்கூட ஆரம்பிக்கவில்லை. என் வகுப்பில் வரையறை கேட்டதற்கு உதாரணமாக அடுக்குகிற பிள்ளைக்குப் பாதி மார்க்தான். இவருக்கு யார் மார்க் போடுவது?

செத்தபின் நாம் போகிற இடம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் தினமும் ஜெபிப்பது ராஜ்யம் வர வேண்டும் என்றுதான். நாங்கள் அங்கே போக வேண்டும் என்று அந்த ஜெபத்தில் எங்கும் கேட்கவில்லை. அப்படியானால் வருகிற பொருள் அது. எங்கே வரும், எப்போது வரும் என்றுதான் தெரியவில்லை.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. சாம்பல் தூவினேன்.

ஜூலை 6, வெள்ளி

மோட்டார் சரியாகிவிட்டது. பின்வீட்டில் இன்று குக்கர் சத்தமே கேட்கவில்லை. வழக்கமாகப் பன்னிரண்டரைக்கு மூன்று விசில்.

ஜூலை 8, ஞாயிறு

ஆராதனையில் அறிவிப்புகள் வாசித்தார்கள். அசன விருந்து இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை. காய் நறுக்க முந்தைய நாள் பெண்கள் வர வேண்டும். பிறகு, சபை மாறுதல் கடிதம் கேட்டிருப்பவர், திருமதி ரூபி பொன்மலர் அவர்கள். மகளோடு தங்குவதற்காக இம்மாத முடிவில் பரோடாவுக்குப் போகிறார்கள், அவர்களுக்காக ஜெபித்துக்கொள்வோம்.

பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்தேன்.

ரூபி என் தங்கை. என்னைவிட ஐந்து வயது சின்னவள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பின்சுவர் ஒன்று. வாசலுக்கு வாசல் போக வேண்டுமானால் இரண்டு தெரு சுற்ற வேண்டும். நான் சுற்றி ஒன்பது வருஷம் ஆகிறது. அவளும் சுற்றவில்லை.

போகிறவர்கள் போகட்டும். எனக்குப் பிரசங்க வேலை இருக்கிறது.

ஜூலை 10, செவ்வாய்

பிரசங்கத்தில் சிரிப்புக்கு ஒரு கதை வேண்டும் என்று யோசித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. கோயிலில் சொல்ல முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்போது அப்பா கோவில்பட்டியில் உபதேசியார். சபைக்கு ஐயர், அதாவது குருவானவர், மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறெல்லாம் அப்பாதான். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. எந்தச் சொந்தக்காரர் வருவதானாலும் முதலில் கார்டு வரும். அம்மா சத்தமாக வாசிப்பாள். ‘பெரியப்பா வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருக்காவ.’ ‘சித்தி பண்டிகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கா.’ வருவதாக என்று காதில் விழுந்தால் எங்களுக்குக் குஷி. ஸ்டேஷனுக்குப் போகலாம், சேவும் மிட்டாயும் கிடைக்கும்.

ரூபிக்கு அப்போது ஆறு வயது. பரமண்டல ஜெபத்தைப் புதிதாக மனப்பாடம் செய்திருந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிறிஸ்துமஸ் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலை நனைத்துச் சீவி, பவுடர் பூசி, கேட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். நான் தேடிக்கொண்டு போனேன்.

“இங்க என்னட்டி பண்ணுத?”

“ராஜ்யம் வருதுல்லா.”

“எந்த ராஜ்யம்?”

“தினமும் சொல்லுதோமே, உம்முடைய ராஜ்யம் வருவதாகன்னு. எந்த வண்டின்னுதான் சொல்லல.”

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. வர வேண்டும் என்று கேட்கிற ‘வருவதாக’வும், வரப்போவதாக எழுதுகிற ‘வருவதாக’வும் அவளுக்கு ஒன்றுதான். மறுநாள் ஓய்வுநாள் பள்ளி முழுக்க இதைச் சொல்லிவிட்டேன். ‘எந்த வண்டி’ என்றுதான் பிள்ளைகள் அவளை ஒரு வருஷம் கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டே அப்பாவிடம் போனாள். அப்பா சிரிக்கவில்லை.

“ஊரே தினமும் சொல்லுது. கவுனை மாத்திக்கிட்டுப் போய் நின்னது இவ ஒருத்திதான்” என்றார்.

அன்றைக்கு எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கவுனின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. இளம் பச்சை. எனக்குத் தைத்தது, எனக்குச் சிறிதாகி அவளுக்குப் போனது. அவள் போட்டபிறகுதான் அது அழகாக இருந்தது.

ஜூலை 13, வெள்ளி

வரையறை கிடைத்துவிட்டது!

ராஜ்யம் எப்போது வரும் என்று சிலர் கேட்கிறார்கள். அது இங்கே, அதோ அங்கே என்று காட்டுகிற மாதிரி வராது, அது உங்களுக்குள் இருக்கிறது என்று அவர் பதில் சொல்கிறார். உங்களுக்குள். அவ்வளவுதான். நிலம் எங்கே, எல்லை எங்கே என்று தேடியதெல்லாம் வீண். நிலம் இருதயம். குடி நான். ராஜா உள்ளே இருக்கிறார். கணக்கு முடிந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இதற்கு இன்னொரு ஆள் தேவையில்லை என்பதுதான். அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் ராஜ்யத்தில் இருக்கலாம். ஒரே மூச்சில் பதினான்கு பக்கம் எழுதினேன். கையெழுத்தைப் பார்த்தால் எனக்கே திருப்தியாக இருக்கிறது.

ஜூலை 15, ஞாயிறு

ரூபி எனக்கு நான்கு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்கு எல்லாரும் எழுந்தோம். அவள் பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. கோயிலில் இப்படியா கவனமில்லாமல் இருப்பது என்று. பாட்டு நான்கு சரணமும் முடிகிறவரை அவள் புத்தகத்தைத் திருப்பவில்லை. பாட்டை ஒரு சொல் தப்பாமல் பாடினாள், இரண்டாம் குரலில். சின்ன வயதில் ஒரே புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டு பாடுவோம். இடது அட்டை என் கையில், வலது அட்டை அவள் கையில். முதல் குரல் எனக்கு. இப்போது முதல் குரல் இல்லாமலே இரண்டாம் குரல் பாடிப் பழகிவிட்டாள் போலிருக்கிறது.

வெளியே வந்ததும் லீலாவதியைப் பிடித்தேன்.

“ரூபிக்குக் கண்ணுல என்ன?”

“உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? கண்ணுல பிரஷராம். ரெண்டு வருஷமாச்சி. ஒரு கண்ணு சுத்தமாப் போயிட்டு, இன்னொண்ணுல நெழலா தெரியுதாம். அதுக்குத்தான மக பிரிஸ்கா வந்து கூட்டிட்டுப் போறா. இருபத்தேழாம் தேதி மாப்பிள்ளையும் பிள்ளையுமா வாறாவ.”

இரண்டு வருஷம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்.

எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. யார் சொல்வார்கள்? அவள் பெயரை எடுத்தாலே நான் பேச்சை மாற்றுவேன் என்று எல்லாருக்கும் தெரியும். காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். அதை நான் எழுத வேண்டியதில்லை.

ஜூலை 19, வியாழன்

பிரசங்கத்தைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். பதினேழு நிமிஷம் வந்தது. இரண்டு பக்கத்தைக் குறைத்தேன். பின்வீட்டில் அட்டைப்பெட்டிக்கு டேப் கிழிக்கிற சத்தம். கண் தெரியாதவள் தனியாக என்னத்தைக் கட்டுகிறாளோ. யாராவது கூட இருப்பார்களாக்கும்.

ஜூலை 22, ஞாயிறு

சரியாகப் பதினைந்து நிமிஷம். ராஜ்யம் வெளியே இல்லை, உங்களுக்குள் இருக்கிறது, ஒவ்வொருவர் இருதயமும் ஒரு தேசம் என்று முடித்தேன். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஐயர் கைகொடுத்து, “தெளிவான செய்திம்மா” என்றார். லீலாவதி அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

பேசும்போது ரூபி இருந்த மூன்றாவது பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன். அவள் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, காதை என் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் லீலாவதியின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக வெளியே போய்விட்டாள்.

நூற்றுக்கு நூறு வாங்கியும் மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 27, வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

காலை எட்டு மணிக்கு அசனத்துக்குக் காய் நறுக்கக் கோயில் மண்டபத்துக்குப் போனேன். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் ஒரே சமையலை, ஒரே தரையில், ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் அசனம். வந்த வரிசையில்தான் உட்கார வேண்டும். பக்கத்தில் யார் என்று பார்த்து இடம் மாறக் கூடாது. அந்தக் காலத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காராத சனங்களை உட்கார வைக்க ஏற்பட்ட ஒழுங்கு என்று அப்பா சொல்வார். சாம்பார் வாசனை மூன்று தெருவுக்கு வரும். நானும் ரூபியும் முதல் பந்தியில் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு மூன்றாம் பந்தியிலும் உட்கார்ந்திருக்கிறோம்.

நாற்பது பெண்கள் இருந்தோம். நான் கத்தரிக்காய்ப் பக்கம். முருங்கைக்காய்ப் பக்கம் கேத்தரினும் ஜெசிந்தாவும். முருங்கைக்காய் விரல் நீளமா, அரை விரல் நீளமா என்று ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் போன வருஷம் பாயசத்தில் சீனி அதிகமானது யாரால் என்பதற்குப் போய்விட்டது. கேத்தரின் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அப்போதுதான் கோயில்பிள்ளை செல்லத்துரை வெங்காய மூட்டையோடு உள்ளே வந்தார். மணி அடிப்பது முதல் பெஞ்சு துடைப்பது வரை எல்லாம் அவர் வேலைதான். மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னார்:

“ஏம்மா, விடிஞ்சதும் உங்களுக்குள்ள என்ன சண்டை? எதுனாலும் உங்களுக்குள்ளயே பேசித் தீத்துக்கிடப்படாதா?”

என் கையில் கத்தரிக்காய் அப்படியே நின்றுவிட்டது.

உங்களுக்குள்ள.

சண்டை கேத்தரினின் இருதயத்துக்குள் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஜெசிந்தாவின் இருதயத்துக்குள் என்றும் சொல்லவில்லை. அது இருவருக்கும் நடுவில், முருங்கைக்காய்க் குவியலின் மேல் கிடந்தது. இந்தத் தமிழ் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நானே எத்தனை தடவை வகுப்பில் ‘உங்களுக்குள் பேசாதீர்கள்’ என்று கத்தியிருக்கிறேன். மனதுக்குள் பேசாதே என்றா அதற்கு அர்த்தம்?

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை மறுபடியும் வாசித்தேன். அவர் அதைச் சொன்னது யாரிடம் என்று இப்போதுதான் பார்க்கிறேன். பரிசேயரிடம். தம்மை மடக்குவதற்கென்றே கேள்வி கேட்கிறவர்களிடம். அவர்கள் இருதயத்துக்குள் ராஜ்யம் இருக்கிறது என்றா சொல்லியிருப்பார்?

தோட்டத்தின் நீளம் கேட்கிற கணக்கில் பதினைந்து என்றும் மைனஸ் எட்டு என்றும் இரண்டு விடை வரும். இரண்டும் சமன்பாட்டுக்குச் சரி. ஆனால் தோட்டம் மைனஸ் எட்டு மீட்டர் நீளம் இருக்க முடியாது. அந்த விடையை அடித்துவிட வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு எது வசதியோ அதை வைத்துக்கொண்டு, தோட்டத்துக்குப் பொருந்துகிற விடையை அடித்திருக்கிறேன். அதையும் மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

ராஜ்யம் நடுவில் இருக்கிற பொருள் என்றால், எனக்கும் ரூபிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு சுவர். ஒன்பது வருஷம். ஒரு ஓலை.

ஓலையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. 2009-இல் முதலாம் ஓலை வாசித்தபோது ரூபியின் மகள் பிரிஸ்கா பெயர் வந்தது. மாப்பிள்ளை மரிய ஜெயசீலன், ரோமன் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவர். நான் பாஸ்டரேட் கமிட்டி மெம்பர், முதல் பெஞ்சில் இருக்கிறேன். என் தங்கை மகள் கலியாணத்தை நான் ஊரோடு ஊராக ஓலையில் கேட்கிறேன்.

இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். மூன்றாம் ஓலையில் அந்தப் பையன் பெயரை வாசித்தபோது எழுந்தேன். தடை ஒன்றும் சொல்லவில்லை. நடுவழியாக, முதல் பெஞ்சிலிருந்து கடைசிக் கதவுவரை நடந்து வெளியே போனேன். கலியாணத்துக்கும் போகவில்லை. உபதேசியார் மகள், அப்பா பேரைக் காப்பாற்ற, ஆர்.சி. சம்பந்தம் பிடிக்காமல் வெளியே போனாள் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் சொன்னேன்.

அது பொய். பையன் எந்தச் சபையாக இருந்தால் எனக்கென்ன? கவுன் முதல் காய்ச்சல்வரை எல்லாவற்றையும் என்னிடம் முதலில் சொன்னவள் இதைச் சொல்லவில்லை. என் வாய்க்குப் பயந்து மறைத்துவிட்டாள். அதுதான் வலித்தது. வலியைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மார்க்கத்தைத் தூக்கி முன்னால் வைத்தேன்.

ஜூலை 28, சனி

அசனம். நான் சாம்பார் வாளி எடுத்தேன். மூன்றாம் பந்தியில் பாதி வரிசை போனதும் பார்க்கிறேன், அடுத்த வரிசையில் ரூபி, பிரிஸ்கா, அந்த மாப்பிள்ளை, ஏழு வயதுப் பெண்பிள்ளை. பிள்ளைதான் முதலில் இருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் சாம்பார் பாட்டி” என்று இலையைக் காட்டினாள். யாரென்று தெரிந்து கூப்பிடவில்லை. வயதானவளைப் பார்த்துக் கூப்பிட்டாள். ரூபியின் நெற்றி அவளுக்கு. ஊற்றினேன். பக்கத்து இலை ரூபியுடையது. சோற்றைக் கையால் தடவித் தடவிக் குழி செய்துகொண்டிருந்தாள்.

வாளியை லீலாவதியிடம் கொடுத்துவிட்டு, கை சுட்டுவிட்டது என்று சொல்லிக் குழாயடிக்குப் போனேன். கை சுடவில்லை.

இவ்வளவு தெரிந்தபிறகும் இப்படிச் செய்கிற ஒரு கிழவியை யாரால் திருத்த முடியும் என்று தெரியவில்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு அவர்கள் காரில் மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிறார்களாம்.

ஜூலை 29, ஞாயிறு

ஆராதனைக்கு ரூபி வரவில்லை. சாமான் கட்டுகிறார்கள் என்றாள் லீலாவதி. வெளியே வந்ததும் கேத்தரின், “டீச்சர், போன வாரச் செய்தி மனசுலயே நிக்கி” என்றாள். அதற்குமேல் பொறுக்கவில்லை. போர்டில் தப்பாகப் போட்ட கணக்கை மறுநாளே அழித்து, பிள்ளைகளிடம் தப்பு என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வீட்டுக்குப் போகாமல் நேராக இரண்டு தெருவையும் சுற்றினேன்.

கதவைத் திறந்தது மரிய ஜெயசீலன். ஒன்பது வருஷத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு விநாடி திகைத்தார். பிறகு, “வாங்க பெரியத்தை” என்றார், நேற்றும் வந்துபோனவளைக் கூப்பிடுகிற மாதிரி.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. ரூபி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் ரொம்ப இளைத்திருக்கிறாள். பேசத் தொடங்குவதற்கு எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

“போன வாரம் நான் பேசுனதுல ஒரு தப்பு இருக்கு. திருத்திட்டுப் போலாம்னு வந்தேன்.”

ரூபி காதை என் பக்கம் சாய்த்தாள். “என்ன தப்பு?”

“உங்களுக்குள்ளன்னா ஒவ்வொருத்தர் மனசுக்குள்ளன்னு சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலன்னும் அதுக்கு அர்த்தம் இருக்கு. அதுதான் அங்க பொருந்தும்.”

“எங்க வேதத்துல ‘உங்கள் நடுவே’ன்னுதான் இருக்கு பெரியத்தை” என்றார் ஜெயசீலன். கிண்டலாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். மூன்று வாரம் நான் முட்டி மோதிய கணக்குக்கு விடை ஒன்பது வருஷமாக இந்த வீட்டு மாப்பிள்ளையிடம் இருந்திருக்கிறது.

“இதைச் சொல்லவா வந்த?” என்றாள் ரூபி.

“ஆமா.”

“சபை பூராவும் அன்னைக்குக் கேட்டுச்சி. எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லப் போறியா?”

“இல்ல. இந்த வீட்டுக்கு மட்டும்.”

அவள் முகம் மாறியது. ஜெயசீலன் மெல்ல வெளியே போய்விட்டார்.

“நீ வாசல்ல வரும்போதே தெரியும்” என்றாள். “குதிகாலை ஊணி ஊணி நடப்பல்லா. மூணாம் ஓலை அன்னைக்கு நான் திரும்பிப் பாக்கல. அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன், கதவு வரைக்கும். இப்ப கண்ணு போனபெறவு எல்லாரையும் சத்தத்துலதான் அடையாளம் வச்சிருக்கேன். உன் சத்தம்னா எனக்கு அதுதான்.”

நான் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகிறேன் என்பதே பிறகுதான் தெரிந்தது.

“நான் செஞ்சது தப்பு ரூபி. ஆர்.சி.ங்கிறதுக்காவ ஒண்ணும் நான் போகல. நீ எங்கிட்டச் சொல்லலங்கிறதுக்காவப் போனேன்.”

“சொல்லப் பயந்தேன் யக்கா. அது என் தப்பு.” என் கையைத் தேடிப் பிடித்தாள். “உன் தப்புதான் பெருசு. ஆனா என்னோடதும் இருக்கு.”

மார்க் போடுவதில் அவள் எங்கள் அப்பா மாதிரிதான். நான் பார்க்கிறேன், அடுக்களை வாசலில் பிரிஸ்கா நிற்கிறாள். முப்பத்தாறு வயதுப் பெண். என் மடியில் வளர்ந்தவள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

“அவ கோவமா இருக்கா” என்றேன்.

“இருக்கத்தான செய்வா. அவ கலியாணந்தான அது.”

“நீ கொஞ்சம் சொல்லேன்.”

ரூபி என் கையை விட்டாள்.

“நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்குள்ள.”

எழுந்து அடுக்களைக்குப் போனேன். பிரிஸ்கா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். முழங்கால் வலியில் உட்கார நேரமானது. அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை.

“நான் எழுந்து போனது தப்பு பிரிஸ்கா. உங்கிட்டயும் மாப்பிள்ளைகிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்.”

அவள் நிமிரவில்லை.

“நான் ஒண்ணும் மறக்கல பெரியம்மா.”

“மறக்க வேண்டாம்.”

“ஒரு வார்த்தையில சரியாயிருமா? எனக்கு நாளாகும்.”

“ஆகட்டும்.”

ஒரு பிடி வெங்காயத்தை என் பக்கம் இழுத்து உரிக்க ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை. பக்கத்து அறையில் பிள்ளை தன் அப்பாவிடம் ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரை மணிக்குக் குக்கர் மூன்று விசில் அடித்தது. ஒன்பது வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிய சத்தம், பக்கத்தில் கேட்டால் காதை அடைக்கிறது.

நாளை காலை அவர்கள் போய்விடுவார்கள். ஒன்பது வருஷம் இருந்தது. நான் ஒரு மத்தியானத்தைத்தான் மிச்சம் வைத்திருக்கிறேன். அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. இந்த வலியை யார்மேலும் போட முடியாது.

வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு நான் எழுந்தேன். பிரிஸ்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே கேட்டாள்.

“இருந்து சாப்பிட்டுத்தான போவிய?”

இருந்தேன்.